ஈசிஆர் வழியே புதுச்சேரி: வாய்க்காலின் இரு கரையையும் பார்த்துவர மூன்று நாள் வழிகாட்டி

புதுச்சேரியை நாலு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது கடற்கரைச் சாலை, ஒரு மஞ்சள் சுவர், பக்கத்து ஆரோவிலில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திரின் தூரத்தில் தெரியும் தங்க உருண்டை. ஊரை வடக்கு தெற்காக இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே அவர்கள் போனதே இருக்காது. போனாலும் கார் கண்ணாடி வழியாகத்தான். பழைய ஊரைச் சுற்றி ஓடும் நான்கு சாலைகளை இங்கே 'புல்வார்' என்பார்கள். அந்தப் புல்வாருக்குள் இருக்கும் ஊர் மிகச் சின்னது. குறுக்கே நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆகவே இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஏற்பாட்டில் நிற்கிறது: சென்னையிலிருந்து ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டி வந்து, வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு, ஊரைக் காலால் பார்ப்பது.

கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

பயணம் சொதப்புவதற்கு முதல் காரணம் கிழமைதான். முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிண சித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும், புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை அறை வாடகை ஏறிக் கிடக்கும், வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத் தெருக்களில் வண்டி நகராது.

எங்கள் பரிந்துரை, ஞாயிறு விடியற்காலை கிளம்பி மதியம் போய்ச் சேருவது. வார இறுதிக்கு வந்தவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பும் நேரம் அது. அறையும் கிடைக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். அன்று மாலை காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையும் கையில் கிடைக்கும். திங்கள் முழுக்க நடை, செவ்வாய் காலை தெற்குப் பக்கம், மதியம் ஆரோவில் வழியாகத் திரும்புவது. இதில் இழப்பு அருங்காட்சியகத்தின் திங்கள் விடுமுறைதான். அதைச் செவ்வாய் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரி உத்தமம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் பதினோரு மணிக்கு மேல் நடை சாத்தியமில்லை. அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்த ஊரை ஒட்டித்தான் கரையைக் கடந்தன. நவம்பரில் வருபவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது.

தவிர்க்க வேண்டிய, அல்லது வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டிய சில தேதிகள் உண்டு. ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாளும் சுதந்திர தினமும் சேர்ந்து வருவதால் ஆசிரமத்துக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும். பிப்ரவரி 21, நவம்பர் 24 இரண்டும் ஆசிரமத்தின் தரிசன நாட்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையின் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில், பிரான்சின் தேசிய நாளான பாஸ்தில் தின மரியாதை நடக்கும். பிரான்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. பிரெஞ்சுத் தேர்தலில் இங்கிருந்தபடியே ஓட்டுப் போடுபவர்களும் உண்டு. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டாரத்துக் கோயில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வடம் பிடிக்கிறார்கள். இந்த ஊரின் கலப்பு எப்படிப்பட்டது என்று ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமானால் அந்தத் தேர்தான்.

வண்டியும் எரிபொருளும்

திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பத்து லிட்டர். கிளைச் சாலைகளுக்கும் நெரிசலுக்கும் சேர்த்துப் பதினைந்து லிட்டர் இருந்தால் போதும். டேங்கை நிரப்ப வேண்டாம். வரி குறைவு என்பதால் புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. திரும்பும்போது அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

டயர் காற்றை வண்டி ஓடாத நிலையில், அதாவது முந்தின இரவோ கிளம்பும் முன்போ பார்க்கவும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் தேவைக்குக் குறைந்துபோகும். சுங்கச்சாவடிகளுக்காக ஃபாஸ்டாகில் பணம் இருக்கட்டும், கையில் கொஞ்சம் நூறு ரூபாய்த் தாள்களும் இருக்கட்டும்.

வழிகாட்டும் செயலியில் 'புதுச்சேரி' என்று மட்டும் போட்டால் பல நேரம் திண்டிவனம் வழியாக ஜிஎஸ்டி சாலையில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) கொண்டுபோய் விட்டுவிடும். மாமல்லபுரம், மரக்காணம் இரண்டையும் இடைநிறுத்தமாகச் சேர்த்துக்கொண்டால் கடலோரத்திலேயே போகலாம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்குவழியாக்கும் வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை திடீரென்று வரும். இரவில் இந்தப் பகுதியில் ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சாலையில் படுத்திருக்கும் மாடுகள், எதிர் வண்டியின் முழு வெளிச்சம், ஊருக்குள் புகும் வளைவுகள் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் விபத்து. காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரைத் தாண்டிவிட்டால் சென்னை நெரிசலும் இல்லை, இருட்டும் சீக்கிரம் விலகிவிடும்.

வழியில் இரண்டே இரண்டு நிறுத்தங்கள்

முட்டுக்காடு, தக்ஷிண சித்ரா, கோவளம், முதலைப் பண்ணை, புலிக்குகை, மாமல்லபுரம் என்று முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே ஒரு நாளுக்கான சரக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இறங்கினால் புதுச்சேரிக்கு இருட்டில்தான் போய்ச் சேருவீர்கள். மாமல்லபுரம் தனிப் பயணத்துக்கு உரியது, அதை வழித்தங்கலாக்கிக் கெடுக்க வேண்டாம். அங்கே காலைச் சாப்பாடு மட்டும் முடித்துக்கொண்டு நகரலாம். இதுவரை பார்த்ததே இல்லை என்பவர்களுக்கு ஒரு சலுகை: கடற்கரைக் கோயில் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், ஏழு மணி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் போதும். வாங்கும் சீட்டு ஐந்து ரதங்களுக்கும் அன்று செல்லும், தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் முதல் நிறுத்தம் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டிய ஊர். டச்சுக்காரர்கள் துணி வாங்கி ஏற்றுமதி செய்த இடம். செங்கல் கோட்டைக்குள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் கப்பலும் மண்டையோடும் குடும்பச் சின்னங்களும் செதுக்கிய அளவுக்கு நுணுக்கம் இந்தக் கடற்கரையில் அதிகம் காணக்கிடைக்காது. முக்கால் மணி நேரம் வையுங்கள்.

இரண்டாவது ஆலம்பரை. கடப்பாக்கத்தில் இடப்பக்கம், கடலை நோக்கித் திரும்பினால் சில கிலோமீட்டர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்காட்டு நவாப் காலத்தில் கட்டிய கோட்டை; 1750இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டது; 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சமிருக்கும் சுவர்மேல் ஏற வேண்டாம். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் தனித்தனியாக நிற்கிறது, ஒரு கால் வைத்தால் பெயர்ந்து வரும். கோட்டைக்கு முன்னால் கழிமுகம், அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். படகுக்காரர்கள் அந்தத் திட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஏறும் முன்பே போக வரச் சேர்த்து விலை பேசுங்கள், உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறாதீர்கள். கடைகள் சொற்பம் என்பதால் தண்ணீரைக் கடப்பாக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மரக்காணம். சாலையோரத்திலேயே உப்பளப் பாத்திகள். கோடையில் வெள்ளைக் குவியல்கள், மழைக்காலத்தில் வெறும் நீர். வண்டியை நிறுத்தினால் தார்ச்சாலையை விட்டு முழுதாக இறக்கி நிறுத்தவும். ஆனால் உப்பளக் கரைமேல் ஏற்றக் கூடாது, மேலே காய்ந்து தெரியும் மண்ணுக்கு அடியில் சேறு. சக்கரம் புதைந்து ஆள் பிடித்துத் தள்ளும் காட்சி இங்கே சகஜம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பக்கத்துக் கழுவெலி ஏரியில் வலசைப் பறவைகள் இறங்கும். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியை டிக்கியில் புதைத்து வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

எல்லை இரண்டு முறை வரும்

முதல்முறை போகிறவர்களுக்குக் குழப்பம் தரும் இடம் இது. கனகசெட்டிக்குளம், காலாப்பட்டில் 'புதுச்சேரி வரவேற்கிறது' என்று பலகை வரும். புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதி. வந்துவிட்டோம் என்று நினைத்தால், சற்று நேரத்தில் மறுபடி தமிழ்நாடு: பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம். அதற்குப் பிறகு முத்தியால்பேட்டையில்தான் நகரம். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகச் சேர்த்த நிலம் அப்படியே ஒன்றியப் பிரதேசமாகிவிட்டது. இதே பிரதேசத்தின் மாகே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் இருப்பதை நினைத்தால் இந்தத் துண்டு ஒன்றுமே இல்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு பலன் உண்டு. புதுச்சேரியில் வாங்கிய மதுவுடன் காலாப்பட்டு போவதானாலும் நடுவில் தமிழ்நாட்டைக் கடக்கிறீர்கள். சோதனைச் சாவடியில் பிடித்தால் பாட்டிலோடு முடியாது, வழக்கு, வண்டிப் பறிமுதல் வரை போகும். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈசிஆரின் ஞாயிறு மாலை விபத்துகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்குள் நுழையும்போது செயலி காந்தி வீதி வழியாகக் காட்டும். ஞாயிறு என்றால் அது சந்தை வீதி, நடுவில் மாட்டினால் பின்னாலும் எடுக்க முடியாது. புல்வார் சாலையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போங்கள்.

எங்கே தங்குவது

வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளில் நடத்தும் விடுதிகள் அழகு, விலையும் அதற்கேற்ப. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியின் வைசியாள் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிப் பக்கம் முற்றம் வைத்த வீடுகளிலும் தங்கலாம். கடலுக்குப் பத்து நிமிட நடை, விடிந்ததும் காபிக் கடையும் பூக்காரரும் வாசலில். எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆசிரம விருந்தினர் இல்லங்கள் மலிவு, சுத்தம். ஆனால் மது, புகை கூடாது, இரவு பத்தரை வாக்கில் கதவைப் பூட்டிவிடுவார்கள். பதினோரு மணிக்கு உணவகத்திலிருந்து திரும்பி வெளியே நின்று கதவு தட்டுபவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். கோட்டக்குப்பத்து செரினிட்டி கடற்கரை விடுதிகள் அலைச்சறுக்குக்காரர்களுக்கு ஏற்றவை. ஊருக்குள் வர ஒவ்வொரு முறையும் வண்டி வேண்டும்.

எங்கே பதிவு செய்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கார் நிறுத்த இடம் விடுதிக்குள்ளா, தெருவிலா? அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா? (பழைய வீடுகளில் பெரும்பாலும் இல்லை, படியும் செங்குத்து.) மின்தடை வந்தால் ஏசி ஓடுமா?

திங்கள்: காலால் பார்க்கும் நாள்

*விடியல்.* கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஐந்தே முக்காலுக்கு அங்கே இருப்பதுபோல் கிளம்புங்கள். சாலையின் மொத்த நீளம் ஒன்றரை கிலோமீட்டர் சுமார். தெற்கே துய்ப்ளே சிலையிலிருந்து வடக்கு நோக்கி நடந்தால் 2014 நவம்பரில் இடிந்து விழுந்து பிறகு பழைய வடிவிலேயே கட்டிய மேரி (நகராட்சி) கட்டடம், காந்தி சிலை, 1836இல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம் என்று வரிசையாக வரும். காந்தியைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை.

சூரியோதயம் தெரியும் என்று சத்தியம் செய்ய முடியாது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க வந்த கியோம் ல ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் இந்தக் கரையில் அவதிப்பட்டதுதான் சாட்சி. 1761இல் வந்து சேருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். எட்டு வருஷம் கிழக்கிலேயே காத்திருந்து 1769 ஜூனில் இங்கே கருவியைப் பொருத்தி உட்கார்ந்தார்; சரியாக அந்த நேரம் மேகம் மூடிக்கொண்டது.

பாறைகள்மேல் இறங்க வேண்டாம். அலை படும் கல்லில் பாசி படிந்து எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். விழுந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில்தான் விழுவோம். செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகம் எதிரே மணல் சேர்ந்திருக்கிறது, அங்கே நிற்கலாம், குளிக்கக் கூடாது. இழுப்பு அதிகம்.

*வெள்ளை நகரம், ஏழு முதல் ஒன்பதரை வரை.* துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி, சுய்ஃப்ரன் வீதி மூன்றையும் இணையாக மேலும் கீழும் நடந்தாலே போதும். தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட முடியாது. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது போட்ட வரைபடம் இது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ள, 1765க்குப் பிறகு அதே கோடுகளின் மேல்தான் மறுபடி கட்டினார்கள். துய்மா வீதியின் தூய தேவதைகள் மாதா கோயில் 1855இல் முடிந்தது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கும். எதிரே பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலை.

ஒரு விஷயம். கதவு சாத்தியிருக்கும் மஞ்சள் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து உடை மாற்றி உடை மாற்றிப் படமெடுப்பது பற்றி இங்கே நிறையவே மனக்கசப்பு இருக்கிறது. தெருவில் நின்று எடுங்கள், படியில் ஏறாதீர்கள்.

பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் வெள்ளை ஆயி மண்டபம், ஊருக்கு நன்னீர் கொண்டுவந்ததன் நினைவு. தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயரைத் தாங்கி நிற்கிறது, புதுச்சேரி அரசின் சின்னமும் இதுவே. பக்கத்தில் மணக்குள விநாயகர்; மணல் நிறைந்த குளத்தருகே இருந்ததால் வந்த பெயர். அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் அரவிந்தர் ஆசிரமம். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே வந்தார். கைப்பேசி அணைத்திருக்க வேண்டும், பேச்சு கூடாது, மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வாருங்கள்.

*வாய்க்காலைத் தாண்டி.* வாய்க்காலின் கிழக்குக் கரையில் செஞ்சி சாலை, மேற்குக் கரையில் ஆம்பூர் சாலை. மழையில்லாத மாதங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியிருக்கும். தாண்டியதும் வைசியாள் வீதிக்குப் போங்கள். தெருப்பலகையில் கால்வே சுப்பராய செட்டி வீதி என்று இருக்கும், குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. இந்தத் தெருவைப் புதுப்பித்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

இங்கே நின்று ஒரு வீட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே நாம் பார்த்த வீடுகள் உயரமான மதில் எழுப்பி, தோட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டின. இந்த வீடு தெருவோடு பேசுகிறது. முதலில் வழிப்போக்கர் நிற்கத் தாழ்வாரம், மரக்கால்கள்மேல் ஓட்டுச் சாய்ப்பு. அடுத்து உட்காரத் திண்ணை. பிறகு செதுக்கிய கதவு, ரேழி, வெளிச்சம் விழும் முற்றம். கண்ணை மேலே தூக்கினால் மாடியில் வேறொரு ஊர்: வளைவு ஜன்னல், பலகைச் சட்டம் வைத்த கதவு, சுதையில் செய்த தூண். வியாபாரத்தில் வசதி வந்த தமிழ்க் குடும்பங்கள் கீழே தங்கள் வழக்கத்தையும் மேலே பிரெஞ்சுப் பாணியையும் வைத்துக் கட்டின. இதன் முன்மாதிரி ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியும் (மொழிபெயர்ப்பாளர்) 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப்பிள்ளை 1738இல் கட்டிய மாளிகை. கீழே மரத்தூண், மேலே வெள்ளைச் சுதைத்தூண்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1908இல் ஆங்கிலேயர் கைது செய்யாதபடி இங்கே வந்தவர் பத்து வருஷம் தங்கினார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. மிஷன் வீதியில் 1791இல் கட்டி முடித்த ஜென்மராக்கினி மாதா கோயில். ஊர்க்காரரிடம் சம்பா கோயில் என்று கேட்டால்தான் உடனே கை காட்டுவார்கள். அங்கிருந்து தெற்கே இறங்கினால் காஜியார் வீதி, முல்லா வீதி. தொழுகை நேரம் பார்த்து, பள்ளிவாசல்களை வெளியிலிருந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் இந்தத் தெருக்கள் நிறைந்திருக்கும்.

*மதியம் கடை இருக்காது.* ஒன்று முதல் நான்கு வரை புதுவையின் பல கடைகள் இன்றும் அடைப்பு. கோயில்களும் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும். பொருள் வாங்குவதைப் பன்னிரண்டுக்குள் முடித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். ஊரே தூங்கும்போது வெயிலில் அலைந்து 'ஒன்றுமே திறக்கவில்லை' என்று குறைப்படுவதில் பயனில்லை.

சாப்பாடு

பேக்கரி ரொட்டியைக் காலை எட்டு மணிக்குள் வாங்குங்கள். நீள பகெத் மேலே மொறுமொறுப்பாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. கடற்காற்றின் ஈரத்தில் மதியத்துக்குள் ரப்பராகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தராமல் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

நேரு வீதியின் பெரிய மார்க்கெட்டில் வடகம் கிடைக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைத்த தாளிப்பு உருண்டை. இதே உருண்டைதான் பிரெஞ்சுச் சமையலறைக்குப் போய் 'வடுவான்' என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. நல்ல வடகம் கருத்து, கைக்குள் நொறுங்கும். அழுத்தினால் பிசுபிசுவென ஒட்டுவது சரியாகக் காயாதது, ஊருக்குக் கொண்டுபோவதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் சமையல் என்று பலகை வைத்த இடங்களில் காரம் குறைவு, தேங்காய்ப் பால் தூக்கல். அது சமையற்காரர் பிழை இல்லை, சமையலே அப்படி. இன்னொரு ஆச்சரியம் வியட்நாம் நெம். சைகோனில் பிரெஞ்சு ஆட்சியில் ராணுவத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த புதுவைக் குடும்பங்கள் திரும்பி வந்தபோது கொண்டுவந்த பொரித்த சுருள். பட்டியலில் இருந்தால் கேளுங்கள், பத்து நிமிடம் காத்திருந்து சுடச்சுடச் சாப்பிடுங்கள். உணவகங்களின் மதியச் சமையல் இரண்டரைக்கு மூடும், மூன்று மணிக்குப் போனால் இட்லிக் கடைதான் கதி.

இருசக்கர வாடகை

செவ்வாய்க்கு ஸ்கூட்டர் வசதி. வாடகை வண்டி என்றால் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகடு வண்டியைச் சொந்த வண்டி என்று சொல்லிக் கொடுப்பார்கள், விபத்தானால் காப்பீடு கைவிடும். பதிவுச் சான்று, காப்பீடு நகல் கேட்டு வாங்குங்கள். கீறல்களை எடுக்கும் முன் நான்கு பக்கமும் காணொளியாகப் பதிந்துகொள்ளுங்கள். திருப்பித் தரும்போது வரும் தகராறில் பாதி இதில் தீரும். ஹெல்மெட் கட்டாயம். மூல ஆதார் அட்டையை அடமானமாகக் கேட்டால் கொடுக்காமல் வேறு கடை பாருங்கள். ஆட்டோவில் மீட்டர் எதிர்பார்க்க வேண்டாம், விடுதியில் நியாயக் கட்டணம் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

செவ்வாய்: தெற்கும், திரும்பும் வழியும்

கடலூர் சாலையில் நான்கு கிலோமீட்டரில் அரியாங்குப்பம், அங்கிருந்து காக்காயந்தோப்பு வழியாக அரிக்கமேடு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க, ரோமானியக் கடல் வணிகக் குறிப்புகளில் வரும் 'பொதுகே' துறை இதுதான் என்று கருதப்படுகிறது. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார். போகும் பலர் நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியது என்று படமெடுத்துத் திரும்புகிறார்கள். அவை 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மிஷன் வீட்டின் மிச்சம். பழைய அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டார்கள், தரையில் பார்க்க மாந்தோப்பும் ஆறும்தான். அதனால் முறையை மாற்றுங்கள்: முதலில் செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த, ரோமானிய வணிகத்தில் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போங்கள். அப்போதுதான் அந்தத் தோப்பில் நிற்பதற்குப் பொருள் வரும்.

சுண்ணாம்பாறு படகுத்துறை அதே சாலையில் எட்டாவது கிலோமீட்டர் சுமாரில். பாரடைஸ் கடற்கரைக்கு இங்கிருந்து படகு. செவ்வாய் என்பதால் வரிசை குறைவு, சனி ஞாயிறு என்றால் மணிக்கணக்கு. நிழல் சொற்பம், தொப்பி அவசியம். அங்கும் செரினிட்டியிலும் முழங்கால் அளவு போதும். அலைகள் உடையும் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே அமைதியாக, கலங்கலாகத் தெரியும் பட்டைதான் ஆபத்து, தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் இடம் அது. மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக விலகி, இழுப்பு விட்டதும் கரைக்கு வர வேண்டும்.

ஆரோவிலுக்கு பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்ப வேண்டும். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர். பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கி, நிழல் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பார்வை மேடை. முதியவர்களுக்கு வண்டி உண்டு. மாத்ரி மந்திருக்குள்ளே அமர விரும்புபவர்கள் பல நாட்கள் முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதி கிடைத்த பிறகு மற்ற திட்டத்தை அதைச் சுற்றி அமையுங்கள், வாசலில் போய்க் கெஞ்சிப் பலனில்லை.

மூன்றரைக்குள் ஆரோவிலை விட்டுக் கிளம்பினால் கல்பாக்கம்வரை வெளிச்சத்திலேயே போய்விடலாம். ஈசிஆரில் ஏறியதும் வலப்பக்கம் திரும்பிப் பெட்ரோலுக்காகப் புதுச்சேரிக்குள் போக வேண்டாம். இடப்பக்கம் சென்னைத் திசையில் போனால் காலாப்பட்டில் கடைசிப் புதுச்சேரி பங்க் வரும். அங்கே டேங்கை நிரப்பி, உப்பளக் காற்றில் பிசுபிசுத்துப் போன முன்கண்ணாடியைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். எதிர் விளக்கு வெளிச்சம் அந்த உப்புப் படலத்தில் சிதறினால் மாமல்லபுரத்துக்குப் பிறகு சாலையே தெரியாது.